யார் கை நீட்டணும்?

போன வாரம் எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு.

நடுவுல ஒரு ஆயா. எண்பது வயசாவது இருக்கும். கையில அஞ்சு கிலோ அரிசிப் பை. சுத்தி நிக்கறவங்க எல்லாரும் அந்தப் பையில ஆளுக்கொரு மூலையத் தொட்டுட்டு நிக்கறாங்க. எல்லாரும் கேமராவப் பாக்கறாங்க. ஆயா மட்டும் தரையப் பாக்கறாங்க. பின்னாடி பெரிய பேனர். பேனர்ல பைபிள் வசனம் வேற.

எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. அதான் இங்க வந்து எழுதறேன். நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

தர்மம் பண்ணும்போது எக்காளம் ஊதாதீங்கன்னு மலைப்பொழிவுல ஆண்டவர் சொன்னது ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற எல்லாருக்கும் தெரியும். அத சொன்னவரோட பேரையே பேனர்ல போட்டு ஊதினா எப்படி? அதுவும் அந்த ஆயா இருக்கறது ஒரே தெருவுல அறுபது வருஷமா. அவங்க மருமக அந்த குரூப்ல இருக்கு. பேரன் இருக்கான். பக்கத்து வீட்டுக்காரங்க இருக்காங்க. எல்லாரும் பாத்தாச்சு, ஆயா அரிசி வாங்கினத.

போட்டோ எடுத்தவங்க கெட்டவங்கன்னு நான் சொல்லல. அந்த அரிசி நிஜமான அரிசி, அந்த வீட்ல அன்னைக்கு ராத்திரி அது வெந்திருக்கும். ஆனா வயசானவங்களுக்குப் பசிய விட பெருசா ஒரு பயம் இருக்கு. கை நீட்டணுமேன்னு ஒரு பயம். அத யாரும் கணக்குல எடுத்துக்கறதே இல்ல.

நான் வடசென்னை. ராயபுரம் பக்கம். எங்க பங்குல வின்சென்ட் தே பவுல் சபைல இருக்கேன். (கிறிஸ்தவங்க இல்லாத நண்பர்களுக்கு: பங்குன்னா ஒரு கோயிலும் அதச் சேந்த மக்களும். இந்த சபை சாமியார்களோடது இல்ல. என்ன மாதிரி குடும்பஸ்தங்க நடத்தறது.) வாரா வாரம் கூட்டம் போடுவோம், ஜெபம் சொல்லுவோம், அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா வீடுகளுக்குப் போவோம். எங்க லிஸ்ட்ல இருக்கற வீடுகள்ல பாதிக்கு மேல தனியா இருக்கற, இல்ல தனியா விடப்பட்ட வயசானவங்க.

இந்த சபை ஆரம்பிச்சது பாரிஸ்ல, 1833-ல. ஃபிரடெரிக் ஓசானாம்னு ஒரு சட்டக் கல்லூரி பையன். இருபது வயசு. "உங்க திருச்சபை ஒரு காலத்துல நல்லது பண்ணுச்சு சரி, இப்ப என்ன பண்ணுது?"ன்னு கூடப் படிக்கறவங்க கேட்டிருக்காங்க. பதில் பேசறத விட்டுட்டு, சிநேகிதங்களோட ஏழைங்க வீட்டுக்குக் கிளம்பிட்டான். ஆனா எப்படிப் போறது, என்ன பேசறதுன்னு இந்தப் பசங்களுக்குத் தெரியாது. கத்துக்குடுத்தது ரோசாலி ராண்டுன்னு ஒரு சிஸ்டர். முஃப்தார்ங்கற ஏழைங்க வட்டாரத்துலயே கிடந்து வேலை செஞ்சவங்க. அதுக்கு முந்தின வருஷம்தான் காலரா வந்து பாரிஸ கொத்துக் கொத்தா அள்ளிட்டுப் போயிருந்துச்சு.

இந்த சபைல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. இரகசியப் பை. கூட்டம் முடியும்போது ஒரு துணிப்பை சுத்தி வரும். எல்லாரும் கைய மூடி உள்ள விட்டு, வெறும் கையா வெளிய எடுப்பாங்க. ஐநூறு போட்டவர் யாரு, அஞ்சு போட்டவர் யாரு, ஒண்ணுமே போடாதவர் யாரு, யாருக்கும் தெரியாது. வேலை போன மாசத்துல கூட ஒருத்தர் தலை நிமிந்து அந்தப் பைக்குள்ள கைய விடலாம்.

குடுக்கறவங்களுக்கே இவ்ளோ மரியாதை பாத்துப் பண்ணியிருக்காங்கன்னா, வாங்கறவங்களுக்கு எவ்ளோ பாக்கணும்?

எங்க பங்குல முன்னாடி கோயில் ஹால்ல வச்சுத்தான் சாமான் குடுப்போம். ஞாயிறு பூசை முடிஞ்சதும் மைக்ல பேர் கூப்பிடறது. அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு சோப்பு. ஒரு தாத்தா மட்டும் பேர் கூப்பிட்டதும் எழுந்திரிக்கவே மாட்டார். கூட்டம் கலையற வரைக்கும் பின் பெஞ்சுல ஜெபமாலையோட உக்காந்திருப்பார். காது கேக்கலன்னு நெனச்சோம். காது நல்லாத்தான் கேட்டுச்சு. அந்த மைக்குதான் அவருக்குப் பிரச்சனை.

சரின்னு வீட்டுக்கே கொண்டுபோக ஆரம்பிச்சோம். அச்சடிச்ச பை வேணாம், சாதாரண கட்டைப்பை. மார்க்கெட் போயிட்டு வந்த மாதிரி. அதுலயும் ஒரு ஆயா திருத்தம் சொன்னாங்க. "சாயங்காலம் வராத. எல்லாம் வாசல்ல உக்காந்திருக்கும். ராத்திரி சீரியல் போடற நேரத்துக்கு வா. தெருவே உள்ள போயிடும்."

இப்ப எங்க ரூட்டே சீரியல் டைம் பாத்துத்தான். எந்த வீட்டுக்கு எந்த சீரியல்னு கூட எங்களுக்குத் தெரியும். ஒரு வீட்ல விளம்பர இடைவேளைலதான் பேச்சு. விளம்பரம் முடிஞ்சா "ஷ்ஷ்".

இன்னொரு விஷயத்தச் சொல்லியே ஆகணும். இந்தப் பேச்சு வந்தாலே உடனே ஒருத்தர் ஆரம்பிப்பார்: "இந்தக் காலத்துப் பசங்க, பெத்தவங்கள..." எனக்கு இது சுத்தமா ஒத்துக்காது. வசதியா இருந்துட்டு அம்மாவ விட்டவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல. 2007-ல சட்டமே வந்துச்சு, பெத்தவங்களுக்குப் பராமரிப்புத் தொகை வாங்கித்தர. ஆனா எங்க ஏரியால வந்து பாருங்க. ஒரே ரூம். அதுலயே அடுப்பு, கட்டில், டிவி, புள்ளைங்க புத்தகம். அஞ்சு பேர் படுக்கணும். வயசுக்கு வந்த பேத்தி இருக்கு. அந்த மகன் அம்மாவ வெளிய படுக்க வைக்கல, அம்மாவேதான் பாயச் சுருட்டிட்டு மாடிப்படி திருப்பத்துக்குப் போயிடறாங்க. "எனக்குக் காத்து வேணும்"னு சொல்லிட்டு. மே மாசம் சரி. டிசம்பர் மழையிலயும் அதே காத்துதான் வேணுமாம்.

அந்த மகன் லோடு ஏத்தறவன். அவனைத் திட்டி என்ன ஆகப் போகுது? அந்த வீட்ல குறைச்சல் பாசம் இல்ல, இடம்தான்.

இங்கதான் எனக்கு ஒரு அம்மாவோட கதை சொல்லணும். உங்கள்ல பல பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கத்தோலிக்கங்கள்லயே நெறய பேருக்குத் தெரியாது.

ழான் ஜூகன். பிரான்ஸ்ல பிரிட்டானி கடற்கரை. கான்கால்னு ஒரு மீன்பிடி ஊர். 1792-ல பொறந்தாங்க. அப்பா மீனவர். இவங்க சின்னப் புள்ளையா இருக்கும்போதே கடலுக்குப் போனவர் திரும்பி வரல. (காசிமேட்டுல இந்தக் கதையச் சொல்ல ஆரம்பிச்சா, இந்த இடத்துல எந்த ஆயாவும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியும்.) பதினாறு வயசுல ஒரு வீட்ல சமையல்கார வேலை. அப்புறம் சேன் செர்வான் ஊர்ல ஆஸ்பத்திரில வேலை. கல்யாணம் பண்ணிக்கல. மாடில ரெண்டு ரூம் வாடகைக்கு எடுத்து, தன்ன விட ரொம்ப வயசான ஒரு சிநேகிதியோடயும், ஆதரவில்லாத ஒரு சின்னப் பொண்ணோடயும் இருந்தாங்க. கொஞ்சம் யோசிங்க, நம்ம ஹவுசிங் போர்டு வீட்ல கூடச் சேந்து பொழைக்கற மூணு பொம்பளைங்க மாதிரியேதான்.

1839 குளிர்காலம். ஆன் ஷோவேன்னு ஒரு பாட்டி. கண்ணு தெரியாது, பாதி உடம்பு வராது. பாத்துட்டிருந்தவங்களும் முடியாமப் போக, தெருவுக்கு வர்ற நிலைமை. ழான் ஜூகன் அவங்கள வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாங்க. தன் கட்டில அவங்களுக்குக் குடுத்துட்டு, இவங்க பரண்ல போய்ப் படுத்துக்கிட்டாங்க. அப்ப இவங்களுக்கே நாப்பத்தேழு வயசு.

ரெண்டாவதா ஒரு பாட்டி வந்தாங்க. அப்புறம் இன்னும் வந்தாங்க. 1841-ல ஒரு பழைய சாராயக்கடைய வாடகைக்குப் பிடிச்சு பன்னெண்டு பேர வச்சிக்கிட்டாங்க. இவ்ளோ பேருக்கு சாப்பாடு?

அந்தப் பாட்டிங்க பல பேர் அதுவரைக்கும் பிச்சை எடுத்துத்தான் பொழைச்சிட்டு இருந்தாங்க. ஆளுக்கு நாலு வீடு வழக்கமா வச்சிருப்பாங்க. அந்த வீடுங்க எதுன்னு ழான் ஜூகன் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டாங்க. "இனிமே நீங்க போகாதீங்க. உங்களுக்குப் பதிலா நான் போறேன்"னு கூடைய எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. அதே வீடு, அதே வாசல். நிக்கற ஆள் மட்டும் வேற.

இதுக்கு மேல நான் என்ன சொல்ல? எனக்கு இந்த ஊழியம்னா என்னன்னு புரிஞ்சதே இந்தக் கதையிலதான். பசிக்கு சோறு போடறது எல்லாரும் செய்யறது. இவங்க அந்தப் பாட்டிங்களோட வெக்கத்தையே எடுத்து தன் கூடையில போட்டுக்கிட்டாங்க.

சுலபமா நடந்துச்சுன்னு நெனைக்காதீங்க. ஒரு வீட்ல ஒரு ஆள் இவங்கள அறைஞ்சிட்டதா, கூட வந்து சேந்த பொண்ணுங்களோட இவங்க ஆரம்பிச்ச சகோதரிகள் சபைல சொல்லுவாங்க. அதுக்கு இவங்க, சரி இது எனக்குக் குடுத்தது, என் ஏழைங்களுக்கு என்ன தரப் போறீங்கன்னு கேட்டாங்களாம். இன்னொரு கதை, ஆஞ்சே ஊர் இல்லத்துல. வெண்ணெய்க்குப் பேர் போன பக்கம். ஆனா பெரியவங்க வெறும் ரொட்டி தின்னுட்டிருக்காங்க. ழான் ஜூகன் பாத்துட்டு, காலி வெண்ணெய் ஜாடி எல்லாத்தையும் புனித சூசையப்பர் சுரூபத்துக்கு முன்னாடி வரிசையா வச்சிட்டாங்க. வெண்ணெய் வந்து சேந்துச்சாம். இன்னைக்கும் அந்த சிஸ்டர்ஸ் உருளைக்கிழங்கு தீந்துபோனா ஒரு உருளைக்கிழங்க சூசையப்பர் காலடியில வைப்பாங்க. எனக்கு இந்த உரிமை ரொம்பப் பிடிக்கும். வீட்டுப் பெரியவர்கிட்ட "பால் வாங்கணும், பைய இங்க வச்சிருக்கேன்"னு சொல்லிட்டுப் போற உரிமை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னைக்கும் ஆறல. 1843-ல அந்த சகோதரிகள் சபைல அவங்களத்தான் மறுபடி தலைவியா தேர்ந்தெடுத்தாங்க. அங்க இருந்த ல் பய்யூர்னு ஒரு பாதிரியார் அத ரத்து பண்ணிட்டு, இருபத்திமூணு வயசு சகோதரி ஒருத்தங்கள தலைவி ஆக்கிட்டார். ழான் ஜூகனுக்குக் கிடைச்சது அதே கூடை. சரின்னு எடுத்துக்கிட்டாங்க. 1845-ல பிரெஞ்சு அகாதெமி மோன்தியோன் விருது குடுத்துச்சு. மூவாயிரம் பிராங்க். ஊரே பேசுச்சு. 1852-ல அந்தக் கூடையும் போச்சு. வெளிய போக வேணாம், மடத்துலயே இருங்கன்னுட்டாங்க. இருபத்தேழு வருஷம் இளம் சகோதரிங்களோட ஒருத்தரா ஓரமா இருந்தாங்க. சபை வரலாறையே மாத்தி, இவங்க மூணாவதா வந்து சேந்தவங்கன்னு எழுதி வச்சிட்டாங்க. புதுசா வந்த பொண்ணுங்களுக்கு, நம்ம கூட உக்காந்து சாப்பிடற இந்தக் கிழவிதான் எல்லாத்தையும் ஆரம்பிச்சவங்கன்னு தெரியாது.

1879-ல எறந்தாங்க. அப்ப சபைல 2,400 சகோதரிகள். 1890-ல ரோம்ல விசாரிச்சு அந்தப் பாதிரியார பொறுப்புலேருந்து எடுத்தாங்க. 2009-ல பதினாறாம் பெனடிக்ட் இவங்களப் புனிதர்னு அறிவிச்சார்.

ஒரு போட்டோவுக்குப் பத்து பேர் முட்டி மோதற காலத்துல இருபத்தேழு வருஷம் பேரே இல்லாம இருந்த ஒருத்தங்க. நான் அடிக்கடி இவங்கள நெனச்சுப்பேன்.

அந்த சபைதான் லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் தி புவர். இந்தியாவுக்கு 1882-ல கல்கத்தாவுக்கு வந்தாங்க. சென்னைல சேத்துப்பட்டு ஹாரிங்டன் ரோட்ல அவங்க இல்லம் இருக்கு. பஸ்ல அந்தப் பக்கம் போனவங்க கூட கவனிச்சிருக்க மாட்டீங்க. அறுபது வயசு தாண்டின ஏழைங்களுக்கான வீடு, எந்த மதமா இருந்தாலும். பொதுவா சகோதரிகள் மூணு வார்த்தைப்பாடு குடுப்பாங்க, கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். இவங்க நாலாவதா ஒண்ணு குடுக்கறாங்க: விருந்தோம்பல். வயசானவங்கள கடைசி மூச்சு வரைக்கும் வீட்டு விருந்தாளியா வச்சிப் பாத்துக்கறேன்னு.

இன்னொண்ணு. 1865-லயே நிரந்தர வருமானம் எதுவும் வச்சிக்க மாட்டோம்னு முடிவு பண்ணிட்டாங்க. சொத்து எழுதி வச்சு அதுல வட்டி வர்ற ஏற்பாடே வேணாம். கூடைதான். ஏன் இப்படி கஷ்டப்படணும்னு எங்க கூட்டத்துல ஒருத்தர் கேட்டார். எனக்குத் தோணினது இது: கேக்கறது நின்னு போச்சுன்னா, கேக்கறது எவ்ளோ கஷ்டம்னு மறந்துடும். மறந்துட்டா மைக்ல பேர் கூப்பிட ஆரம்பிச்சிடுவோம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்க கூடை எடுத்துட்டு வீடு வீடா போற வேலை ரொம்ப இல்ல. இங்க கை நீட்ட வேண்டிய இடமே வேற. கவுன்டர்.

ஓ.ஏ.பி. பணம்னு ஆயாக்கள் சொல்லுவாங்க. முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டுல 1962-லயே ஆரம்பிச்சது. மாசம் ஆயிரமா இருந்தது 2023-ல 1,200 ரூபாய் ஆச்சு. மத்திய அரசு இதுல 80 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குத் தர்ற பங்கு 200 ரூபாய், 80 ஆனா 500. மீதி மாநிலம் போடறது. இந்தப் பணத்துல ஒரு கிழவி மருந்து, டீத்தூள், வெத்தலை எல்லாம் சமாளிப்பா. மருமக முகத்தப் பாக்க வேண்டியதில்ல. அதனால அந்த 1,200 ரூபா வெறும் 1,200 ரூபா கிடையாது.

ஆனா அத வாங்கறதுக்கு விண்ணப்பம் போடணும். ஒரு தடவ ஒரு ஆயாவ கூட்டிட்டு ஒரு ஆபீசுக்குப் போயிருந்தோம். ஆயாவுக்குக் காது மந்தம். அதனால கவுன்டர்ல இருந்தவர் சத்தமாத்தான் கேட்டாகணும். "பையன் இருக்கானா?" ஆயா முழிக்கறாங்க. இன்னும் சத்தமா, "பையன் சோறு போடறானா இல்லையா?"

முழு ஹாலும் திரும்பிப் பாக்குது. ஆயா என்ன சொல்லுவாங்க? போடறான்னா பணம் கிடைக்காது. போடலன்னா ஊருக்கு முன்னாடி பெத்த புள்ளையக் காட்டிக் குடுத்த மாதிரி. ஆயா வாயத் தொறக்கல. முந்தானைய எடுத்து வாய்க்குள்ள வச்சிக்கிட்டாங்க.

கூட வந்த எங்க சபைக்காரர் (ரிட்டையர்டு போஸ்ட்மேன், பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை) மெதுவா முன்னாடி போய் நின்னார். ஆயாவுக்கும் கவுன்டருக்கும் நடுவுல. குனிஞ்சு, தாழ்ந்த குரல்ல, மகனோட சம்பளம், வாடகை, எத்தன பேர் அந்த ரூம்ல, எல்லாம் சொன்னார். காகிதம் ஒவ்வொண்ணா எடுத்து வச்சார். அந்த ஆபீசரும் குரல இறக்கிட்டார். அதிகாரி கெட்டவர் இல்ல, அவர் முன்னாடியும் நீளமா வரிசை.

நான் அந்த போஸ்ட்மேன் முதுகையே பாத்துட்டிருந்தேன். ழான் ஜூகன் கூடைய எடுத்துட்டு நின்னது இப்படித்தான் இருந்திருக்கும்.

ரேஷன் கடை இன்னொரு கதை. கைரேகை மெஷின். எங்க ஏரியா ஆயாக்கள்ல நெறய பேர் வாழ்நாள் பூரா மீன் அரிஞ்சவங்க, ஐஸ்ல கைய விட்டு எறா உரிச்சவங்க. விரல் நுனி மழமழன்னு இருக்கும். ரேகைன்னு ஒண்ணு இருந்தாத்தானே மெஷின் பிடிக்கும். புடவைல தொடைப்பாங்க, தலைல தேச்சு எண்ணெய் தொட்டு வைப்பாங்க, அடுத்த விரல், அடுத்த கை. பின்னாடி வரிசை முணுமுணுக்கும். 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு 70 வயசு தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே ரேஷன் கொண்டுவந்து குடுக்க ஆரம்பிச்சாங்க. அத நான் மனசாரப் பாராட்டறேன். யாரோ ஒருத்தர் இந்த வரிசைல நின்னு ஒரு கிழவி விரலப் பாத்திருக்காங்கன்னு தோணுச்சு.

இப்ப, ஜெபம். கேப்பீங்க, அதனால நானே சொல்லிடறேன்.

எங்க லிஸ்ட்ல எல்லாரும் கிறிஸ்தவங்க இல்ல. ஒரு வீட்ல அம்மன் படம், ஒரு வீட்ல நாகூர் தர்கா படம். நாங்க போனதும் ஜெபம் சொல்ல ஆரம்பிக்கறதில்ல. அவங்க கேட்டா சொல்லுவோம். கத்தோலிக்க வீடுகள்ல கேப்பாங்க. முதல் வெள்ளி ஃபாதர் நற்கருணை கொண்டுவருவார், அதுக்கு முந்தின நாளே வீட்டக் கழுவி, மெழுகுவத்தி எடுத்து வச்சு, இருக்கறதுலயே நல்ல புடவை கட்டி உக்காந்திருப்பாங்க. மாசத்துல அவங்க வீட்டுக்குன்னு வர்ற ஒரே விருந்தாளி ஆண்டவர்தான், சில வீடுகள்ல.

அம்மன் படம் வச்சிருக்கற ஆயா ஒரு நாள், "உங்க சாமிகிட்டயும் என் முட்டிவலிக்கு ஒரு வார்த்தை சொல்லி வை"ன்னாங்க. சொன்னோம். அவங்களும் கண்ண மூடிக்கிட்டாங்க. அவ்ளோதான். அரிசிக்கு விலையா ஜெபத்தக் கேட்டோம்னா, அதுவும் ஒரு கவுன்டர்தான். இதுல எனக்கு ரெண்டாவது அபிப்பிராயமே கிடையாது. பல சபைக்காரங்களோட நான் இதுல சண்டை போட்டிருக்கேன், இன்னும் போடுவேன்.

போனா முதல்ல உக்காரணும். இத புதுசா வர்ற பசங்களுக்கு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். நின்னுக்கிட்டே பையக் குடுத்துட்டு "வர்றோம் ஆயா"ன்னா, கொரியர். தரையில உக்காந்தாத்தான் அவங்க பேச ஆரம்பிப்பாங்க. பேச்சு பழைய பேச்சுதான். பின்னி மில்லு சங்கு, எம்.ஜி.ஆர். ஊர்வலம், எந்தப் புயல்ல எந்தப் படகு போச்சுங்கறது. போன தடவ சொன்னதையே சொல்லுவாங்க. கேக்கணும்.

அப்புறம், குடுக்கறத வாங்கிக்கணும். ஒரு ஆயா எங்களுக்குன்னு கடைல டீ சொல்லி அனுப்புவாங்க. தூக்குல வரும். அவங்க காசு, சுருக்குப்பையிலேருந்து எண்ணிக் குடுத்தது. கூட வந்த தம்பி, "வேணாம் ஆயா, உங்களுக்கு எதுக்கு செலவு"ன்னு ஆரம்பிச்சான். நான் தொடையில கிள்ளினேன். வாங்கிக் குடிச்சோம். இன்னொரு டம்ளரும் ஊத்தினாங்க, அதையும் குடிச்சோம். அன்னைக்கு அந்த வீட்ல கை நீட்டினது நாங்க. ஆயா முகத்த நீங்க பாத்திருக்கணும்.

அதே சுருக்குப்பைல இன்னொரு கணக்கும் இருக்கு. பெட்டிக் காசு. செத்தா சவப்பெட்டிக்கு, காசிமேடு கல்லறைல குழிக்கு, வண்டிக்கு. "யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாதுடா என் புள்ள"ன்னு சேக்கறாங்க. ஒரு வேளை மாத்திரைய விட்டுட்டு சேக்கறாங்க. எங்க சபை இந்தச் செலவ ஏத்துக்கும்னு நாங்க தலைல அடிச்சு சொல்லியாச்சு. மாத்திரைய முழுங்குங்கன்னும் சொல்லியாச்சு. ஒரு ஆயா மட்டும் ஒத்துக்கிட்டாங்க, ஒரு நிபந்தனையோட: வெள்ளைத் துணி ஒட்டின பெட்டி, சரிகை ஓரத்தோட. செத்தாலும் சும்மா போக மாட்டாங்களாம். எழுதி வச்சிருக்கோம், மினிட்ஸ் புக்லயே.

இப்ப எங்க கூட்டத்துல ஓடிட்டிருக்கற பெரிய விவாதம் என்னன்னா, வெத்தலை.

மாச சாமான்ல வேற என்ன வேணும்னு எல்லா வீட்லயும் கேட்டோம். ஹார்லிக்ஸ்னு சொல்லுவாங்க, போர்வைன்னு சொல்லுவாங்கன்னு எதிர்பாத்தோம். பல்லு இல்லாததால ரவை கேட்டாங்க சிலர், அது சரி. வழுக்காத செருப்பு கேட்டாங்க, உடனே வாங்கினோம். ஆனா பெரும்பாலான ஆயாக்கள் கேட்டது வெத்தலை பாக்கு. பொருளாளர் ஒத்துக்கல. "ஜனங்க காணிக்கைல வெத்தலையா? கணக்குல என்னன்னு எழுதறது?" இன்னொருத்தர், உடம்புக்குக் கெடுதல்னார். புகையில கண்டிப்பா இல்ல, அதுல நானும் அவர் கட்சி. பாக்கும் வாய்க்கு நல்லது இல்லன்னு டாக்டர்ங்க சொல்றாங்க, அதையும் ஒத்துக்கறேன். அதனால வெத்தலையும் சுண்ணாம்பும் மட்டும்னு நான் ஒரு சமரசம் சொன்னேன். இடிச்சுக் குடுக்க சின்ன உரல் கூட ஒரு வீட்ல இருக்கு.

எனக்கு இது சின்ன விஷயமாத் தெரியல. என்ன வேணும்னு கேட்டுட்டு, அவங்க சொன்னத விட்டுட்டு, நமக்குத் தோணினத வாங்கிக் குடுத்தா அப்புறம் எதுக்குக் கேக்கணும்? எண்பத்தி நாலு வயசுல ஒருத்தங்களுக்கு மிச்சம் இருக்கற ஆசை ஒரு கவுளி வெத்தலைன்னா, அத அவங்க வாயத் தொறந்து ரெண்டாவது தடவ கேக்க வைக்கக் கூடாது.

வர்ற புதன்கிழமை கூட்டத்துல ஓட்டெடுப்பு. போஸ்ட்மேன் என் பக்கம். செயலர் இன்னும் யோசிக்கறார். அவர் அம்மாவும் வெத்தலை போடறவங்கதான், அதனால நம்பிக்கை இருக்கு. பொருளாளருக்காக "இதர வீட்டுச் செலவு"ன்னு ஒரு தலைப்பு கண்டுபிடிச்சு வச்சிருக்கேன். ஓட்டு எப்படிப் போனாலும் இந்த மாசத்து வெத்தலைய நான் வாங்கிடப் போறேன். கேட்டும் வச்சாச்சு: கும்பகோணம் கொழுந்துதான் வேணுமாம், மார்க்கெட் உள்ள போய் ரெண்டாவது கடையாம், முதல் கடைக்காரன் காம்பு அழுகினத கலந்துடுவானாம்.